நகரும் பொருளைத் தொட்டும் பதிவாகாதபோது எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? கைத்தொலைபேசி விளையாட்டு செய்வோருக்கான ஒப்பீடு

சிங்கப்பூரில் யூனிட்டி என்னும் விளையாட்டு எஞ்சினைக் (விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருள்) கொண்டு கைத்தொலைபேசி விளையாட்டுகளைச் செய்யத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் இருவர், ஒரே வாரத்தில் ஏறத்தாழ ஒரே கேள்வியை எழுதி அனுப்பியிருந்தனர். ஒருவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். இருவர் ஒரே தட்டைக் கணினியில் எதிரெதிரே அமர்ந்து, பறந்து செல்லும் பூச்சிகளைத் தட்டி விளையாடும் போட்டியைத் தம் திட்டப்பணியாக எடுத்திருக்கிறார். மற்றவர் தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகளுக்காக, குமிழ்களுக்குள் மிதந்து செல்லும் தமிழ் எழுத்துகளில் சரியானதைத் தொடும் விளையாட்டு ஒன்றை, வேலை முடிந்து வந்த இரவுகளில் எழுதிக்கொண்டிருக்கும் தந்தை. பொருள் அசையாமல் நிற்கும்போது தொட்டால் தவறாமல் பதிவாகிறது. நகரும்போது தொட்டால் சில முறை பதிவாகிறது, சில முறை இல்லை. கொலைடரை (தொடுகையையும் மோதலையும் அறியப் பொருளைச் சுற்றி வைக்கும், கண்ணுக்குத் தெரியாத எல்லை) பெரிதாக்குவதா, எஞ்சின் தரும் நிகழ்வுகளை (தொடுகை நேர்ந்ததும் எஞ்சினே நம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்புகள்) கைவிட்டு நாமே தொடுகையைப் படிப்பதா, வேறு வழி உண்டா என்பதே இருவரின் கேள்வி.

பூச்சி விளையாட்டில் ஒரு தொடுகை தவறினால் ஒரு புள்ளி போகும். எழுத்து விளையாட்டில் இழப்பு அதைவிடப் பெரியது. ழகரத்தைச் சரியாக அறிந்து தொட்ட குழந்தையிடம், பக்கத்துக் குமிழில் இருந்த ளகரத்தைத் தொட்டதாக நிரல் சொல்லிவிட்டால், அது நிரலின் பிழை என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தனக்குத்தான் தமிழ் வரவில்லை என்று எண்ணிக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் புழங்கும் பிள்ளைகள் பலர் இருக்கும் இவ்வூரில், அந்த எண்ணத்தை ஒரு கணக்குப் பிழை விதைத்துவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான அக்கறை உண்டு. ஆகவே கீழ்க்காணும் ஒப்பீட்டில் எழுத்து விளையாட்டின் பக்கம் என் கண் சற்று அதிகமாகவே இருக்கும்.

## தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு சோதனை

நோய் எதுவென்று தெரியாமல் மருந்தை ஒப்பிடுவதில் பயனில்லை என்பதால், அரை மணி நேரத்தில் முடியும் ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். விரல் பட்ட அதே ஃபிரேமில் (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்களுள் ஒன்று), தொடுகை வந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வரைந்து, விளையாட்டை ஒரு நொடி உறைய வையுங்கள். ஒவ்வொரு பொருளின் கொலைடர் எல்லையையும் கோடாக வரைந்து காட்டுங்கள். இருபது முப்பது முறை தட்டினாலே பிழை எந்த வகை என்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

புள்ளியே தோன்றவில்லை என்றால் தொடுகை உங்கள் நிரலை வந்து சேரவில்லை. ஈர விரலும் ஈரத் திரையும் மின்தேக்கத் தொடுதிரையைக் குழப்பும் என்பதால், நம் ஊர்ப் புழுக்கத்தில் சோதிக்கும்போது கையையும் திரையையும் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். நின்றிருக்கும் பொருளிலும் புள்ளி விரலைவிட்டுத் தள்ளி விழுந்தால், திரை ஆயத்தொலைவுகளை விளையாட்டு உலகின் ஆயத்தொலைவுகளாக மாற்றுவதில் பிழை இருக்கிறது. தொலைவுக் காட்சிக் (பெர்ஸ்பெக்டிவ்) கேமராவில் ஆழத்துக்கான மதிப்பைப் பூஜ்யமாக விட்டுவிட்டால், எங்கே தொட்டாலும் கேமரா இருக்கும் இடமே விடையாக வரும். புள்ளி பொருளுக்குச் சற்றுப் பின்னால், அது கடந்து வந்த வழியிலேயே விழுந்தால் தாமதமே காரணம். புள்ளி பொருளின் மீதே விழுந்தும் மதிப்பெண் ஏறவில்லை என்றால், கொலைடர் பழைய இடத்தில் நிற்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு யூஐ (பொத்தான் போன்ற இடைமுகப் பகுதி) படம் தொடுகையை மறித்துக்கொள்கிறது, அல்லது நீங்கள் காத்திருக்கும் நிகழ்வே தவறானது. நான் பார்த்த திட்டங்களில் கடைசி வகையே மிகுதி.

## எவற்றைக் கொண்டு அளப்பது

முதல் அளவுகோல் கணம். விரல் பட்ட கணத்தில் முடிவெடுக்கிறதா, விரல் எடுத்த கணத்திலா, அல்லது கண் பார்த்த கணத்துக்குத் திரும்பிச் சென்று பார்க்கிறதா என்பதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இரண்டாவது, விரலின் பருமனுக்கு எவ்வளவு இடம் விடுகிறது என்பது. ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடுபரப்புக்கு 48 டிபி என்றும், ஆப்பிள் வழிகாட்டி 44 புள்ளிகள் என்றும் கூறுகின்றன. ஒரு டிபி என்பது அங்குலத்தில் 160-இல் ஒரு பங்கு என்பதால், 48 டிபி கணக்குப்படி ஏறத்தாழ 7.6 மில்லிமீட்டர். இவை நின்றிருக்கும் பொத்தான்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நகரும் பொருளுக்கு இதுவே குறைந்த அளவு என்று கொள்ள வேண்டும். மூன்றாவது, பொருள்கள் நெருங்கும்போது எதைத் தேர்கிறது என்பது. நான்காவது, பல விரல்களைத் தனித்தனியே அறிகிறதா என்பது. ஐந்தாவது, ஃபிரேம் வேகம் மாறினாலும் ஒரே முடிவைத் தருகிறதா என்பது. விலை மலிவான கைத்தொலைபேசியிலும் புதிய கைத்தொலைபேசியிலும் ஒரே குழந்தைக்கு வெவ்வேறு நியாயம் கிடைக்கக் கூடாது.

கணக்குப் போட ஒரு பொது எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: 65 மில்லிமீட்டர் அகலமுள்ள திரையை ஒரு நொடியில் கடக்கும், 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ்.

## முதல் வழி: எஞ்சின் தரும் நிகழ்வுகள்

ஆன்-மவுஸ்-டவுன், பாயிண்டர்-டவுன், பாயிண்டர்-கிளிக் ஆகிய மூன்றும் இவ்வகையைச் சேர்ந்தவை. டவுன் என்று முடிபவை விரல் பட்டதும் எழுபவை, கிளிக் விரலை எடுத்ததும் எழுவது. பொருளின் மீது ஒரு கொலைடரை வைத்து, ஒரு செயற்கூறை எழுதினால் போதும் என்பதால், பயிற்சிக் காணொளிகள் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

இவற்றுள் கிளிக் நிகழ்வை நகரும் பொருளுக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விரல் பட்டபோது அடியில் இருந்த பொருளும், விரலை எடுத்தபோது அடியில் இருந்த பொருளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே யூனிட்டி அதைக் கிளிக் என்று கொள்ளும். ஒரு தட்டலில் விரல் திரைமீது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் குமிழ் அதற்குள் 6.5 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். குமிழின் ஆரம் 5 மில்லிமீட்டர்தான். அதாவது மிகச் சரியாக நடுமையத்தில் தொட்ட குழந்தைக்கும் அந்தத் தொடுகை பதிவாகாது. விரலைச் சட்டென்று எடுப்பவருக்கு வேலை செய்யும், நிதானமாகத் தொடுபவருக்கு வேலை செய்யாது என்பதால்தான் இது "சில முறை" நேரும் பிழையாகத் தோன்றுகிறது. கிளிக்கை டவுனாக மாற்றும் ஒற்றை வரித் திருத்தம் பலருடைய சிக்கலை அங்கேயே தீர்த்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு உண்டு. ஆன்-மவுஸ்-டவுன் என்பது பெயருக்கேற்ப மவுஸுக்காக எழுந்தது. தொடுகையை மவுஸாகப் பாவித்துச் செயல்படுவதால் இரண்டு விரல்களை இரண்டு விரல்களாக அது அறியாது. மேலே யூஐ பொத்தான் இருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் அடியிலுள்ள பொருளைத் தொட்டதாகச் சொல்லும். யூனிட்டியின் புதிய உள்ளீட்டு முறையான இன்புட் சிஸ்டம் மட்டும் இயங்கும் திட்டங்களில், பல பதிப்புகளில் அது அழைக்கப்படுவதே இல்லை. பாயிண்டர்-டவுன் இந்தக் குறைகளைப் பெருமளவு தீர்க்கிறது: பல விரல்களை அறிகிறது, யூஐயை மதிக்கிறது. ஆனால் தொடுகை எந்தப் பொருளில் படுகிறது என்று தேடும் ரேகாஸ்டர் கேமராவிலும், நிகழ்வுகளைப் பொருள்களுக்கு அனுப்பும் ஈவென்ட்-சிஸ்டம் காட்சியிலும் இருக்க வேண்டும்; திரை முழுதும் விரித்த ஒளிபுகும் படம் ஒன்றில் "ரேகாஸ்ட் டார்கெட்" குறி எடுக்கப்படாமல் இருந்தால், எல்லாத் தொடுகையும் அதனிடமே நின்றுவிடும்.

பொருள்கள் பெரியவை, மெதுவானவை, ஒன்றையொன்று நெருங்காதவை என்றால் பாயிண்டர்-டவுன் போதும். அதற்குமேல் உழைக்கத் தேவையில்லை.

## இரண்டாவது வழி: தொடுகையை நாமே படித்து, புள்ளியைக் கொண்டு தேடுவது

ஒவ்வொரு ஃபிரேமிலும் தொடுகைப் பட்டியலைப் பார்த்து, "பிகன்" (இப்போதுதான் பட்ட) நிலையில் உள்ள ஒவ்வொரு விரலுக்கும் ரேகாஸ்ட் (கேமராவிலிருந்து ஒரு கோட்டைச் செலுத்தி அது எதில் படுகிறது என்று பார்ப்பது) அல்லது ஓவர்லாப்-பாயிண்ட் (அந்தப் புள்ளியில் எந்தக் கொலைடர் இருக்கிறது என்று பார்ப்பது) தேடலை நாமே நடத்துவது இது. எந்தக் கணம், எந்த விரல், எந்த அடுக்கு என்பவை எல்லாம் நம் கையில் வருகின்றன. இருவர் விளையாடும் போட்டிக்கு விரலின் அடையாள எண் கிடைப்பதே பெரிய உதவி.

ஆனால் இந்த வழியில் ஒரு பொறி உண்டு. அதை விரிவாகவே சொல்ல வேண்டும். பொருள் இயற்பியலால் நகர்கிறது, எனவே தொடுகையையும் ஃபிக்ஸ்ட்-அப்டேட்டில் (இயற்பியல் கணக்கீட்டுக்காகச் சீரான இடைவெளியில் ஓடும் செயற்கூறு) படிப்போம் என்று எண்ணுவது இயல்பு. யூனிட்டியில் ஃபிக்ஸ்ட்-அப்டேட்டின் இயல்பு இடைவெளி 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 முறை. "பிகன்" நிலையோ ஒரே ஒரு ஃபிரேமுக்குத்தான் நீடிக்கும். விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடினால், அவற்றுள் 10 ஃபிரேம்களில் ஃபிக்ஸ்ட்-அப்டேட் நிகழாது. அந்த ஃபிரேம்களில் தொடங்கிய தொடுகைகள், அதாவது ஆறில் ஒன்று, தடயமின்றி மறைந்துவிடும். 120 ஃபிரேமில் ஓடினால் பாதிக்கும் மேல் போய்விடும். மாறாக, கைத்தொலைபேசிகளுக்கு யூனிட்டி வைத்திருக்கும் இயல்பு வேகமான 30 ஃபிரேமில் ஓடினால் ஒரு தொடுகையும் தவறாது, ஆனால் மூன்றில் இரண்டு ஃபிரேம்களில் ஃபிக்ஸ்ட்-அப்டேட் இருமுறை நிகழ்வதால் ஒரே தொடுகைக்கு இரண்டு மதிப்பெண் ஏறும். வேகமான கருவியில் தொடுகை தவறுகிறது, மெதுவான கருவியில் இரட்டிக்கிறது என்று யாரேனும் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். தொடுகையை, ஃபிரேமுக்கு ஒருமுறை ஓடும் அப்டேட்டில் படியுங்கள். இயற்பியல் விசை ஏதும் கொடுக்க வேண்டுமானால் அதை மட்டும் குறித்து வைத்து ஃபிக்ஸ்ட்-அப்டேட்டில் கொடுங்கள்.

இன்னொன்று, கொலைடர் பின்தங்குவது. ரிஜிட்பாடி (பொருளை இயற்பியல் கணக்கீட்டில் சேர்க்கும் உறுப்பு) இல்லாத பொருளை அப்டேட்டில் நேரடியாக நகர்த்தினால், படம் புதிய இடத்துக்குப் போய்விடும். தானியங்கி ஒத்திசைவு அணைக்கப்பட்டிருக்கும் திட்டங்களில், அடுத்த இயற்பியல் கணக்கீடு வரை கொலைடர் பழைய இடத்திலேயே நிற்கும். தேடலுக்கு முன் ஒத்திசைவை நாமே அழைக்கலாம். பொருள்கள் பல என்றால் அதற்கும் விலை உண்டு. கினமேட்டிக் (விசையால் அன்றி நிரலால் நகரும்) ரிஜிட்பாடி ஒன்றை இணைத்து அதன் வழியாக நகர்த்துவதே நேர்த்தி. அப்போது இன்டர்பொலேஷனை (இடைநிலைகளைக் கணித்து அசைவைச் சீராக்குவது) இயக்கினால் படம் இயற்பியல் நிலையைவிட ஓர் இயற்பியல் இடைவெளி அளவு வரை பின்னால் இருக்கக்கூடும். நம் குமிழுக்கு அது 1.3 மில்லிமீட்டர். தனியாகப் பார்த்தால் சிறிது, மற்றத் தாமதங்களோடு சேரும்போது கணக்கில் வரும்.

விரலின் பருமனுக்கு இந்த வழியில் இடமே இல்லை என்பது இதன் அடிப்படைக் குறை. புள்ளி எல்லைக்கு அரை மில்லிமீட்டர் வெளியே விழுந்தாலும் தவறுதான். அதை ஈடுகட்டக் கொலைடரைப் பெரிதாக்கினால், அதே கொலைடர் மோதலுக்கும் பயன்படும் விளையாட்டில் பொருள்கள் ஒன்றையொன்று தொடாமலேயே மோதத் தொடங்கும். தொடுகைக்கென்று தனி அடுக்கில் தனிக் கொலைடர் வைப்பது அதற்குத் தீர்வு. துல்லியமே திறமை என்று வைத்துச் செய்யப்படும் விளையாட்டுக்கும், முப்பரிமாணக் காட்சியில் ஒரு பொருள் மற்றொன்றை மறைக்கும் விளையாட்டுக்கும் இதுவே ஏற்றது.

## மூன்றாவது வழி: திரையிலேயே தொலைவை அளந்து, மிக அருகிலுள்ளதைத் தேர்வது

இங்கே கொலைடரையே கேட்பதில்லை. திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் மையத்தையும் திரை ஆயத்தொலைவாக மாற்றி, விரல் பட்ட இடத்திலிருந்து அதன் தொலைவைக் கணக்கிட்டு, குறிப்பிட்ட எல்லைக்குள் மிக அருகில் இருப்பதைத் தேர்கிறோம். எல்லையைப் பிக்சலில் வைக்காமல் மில்லிமீட்டரில் வைக்க வேண்டும். திரையின் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான பிக்சல்) எண்ணை 25.4 ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்பது வரும். 400 டிபிஐ திரையில் 7 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 110 பிக்சல். சில கருவிகளில் டிபிஐ தெரியாமல் பூஜ்யம் வரக்கூடும் என்பதால், திரை அகலத்தில் பத்தில் ஒரு பங்கு போன்ற ஒரு மாற்று அளவையும் எழுதி வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் படத்தின் இடத்தையே அளப்பதால், கொலைடர் பின்தங்கும் சிக்கல் இதில் எழுவதே இல்லை. முப்பது பொருள்களுக்கு முப்பது கழித்தல் பெருக்கல்கள் எந்தக் கைத்தொலைபேசிக்கும் சுமையாகாது. ஓவர்லாப்-சர்க்கிள் என்ற ஆயத்தத் தேடலும் இதைச் செய்யுமே என்று கேட்கலாம். அதன் எளிய வடிவம் வட்டத்துக்குள் இருப்பவற்றில் இசட் (ஆழ) மதிப்பு மிகக் குறைந்ததைத் தருமே தவிர மிக அருகிலுள்ளதைத் தராது. அனைத்தையும் பெற்று நாமே ஒப்பிட வேண்டும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், தாராளத்தில். எல்லையை விரிக்க விரிக்க, பொருளையே நோக்காமல் திரையைக் கண்டபடி தட்டுபவருக்கும் மதிப்பெண் விழும். நீண்ட உருவங்களுக்கு மையத் தொலைவு பொருந்தாது. ஒரு பாம்பின் வாலைத் தொட்டால் அதன் மையம் வெகு தொலைவில் இருக்கும், அங்கே கொலைடரின் மிக அருகிலுள்ள புள்ளியைக் கேட்டு அளக்க வேண்டும். இரண்டு குமிழ்கள் நெருங்கும்போது மிக அருகிலுள்ளது என்ற விதி ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டில் குழந்தையின் விடையை மாற்றிவிடும் என்பதே எல்லாவற்றிலும் கடியது. ல, ள, ழ மூன்றும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் தருணத்தில் விழுந்த தொடுகையைக் கொண்டு யாருடைய அறிவையும் அளக்கக் கூடாது. இரண்டு பொருள்களின் தொலைவுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்குக் குறைவான வேறுபாடே இருந்தால், சரி என்றும் தவறு என்றும் சொல்லாமல், குமிழ்கள் மெல்ல விலகி மறுபடி தொட வாய்ப்பளிக்கும்படி எழுதுங்கள். நான்கைந்து வரி நிரல்தான்.

## நான்காவது வழி: கண் பார்த்த கணத்துக்குத் திரும்பிச் செல்வது

திரை காட்டிய படம் கண்ணை அடைந்து, விரல் பட்டு, அது தொடுதிரையிலிருந்து இயங்குதளம் வழியாக நிரலுக்கு வருவதற்குள் பொருள் நகர்ந்துவிடுகிறது. கருவியின் பங்கு 60 மில்லிநொடி என்று கொண்டால் நம் குமிழ் 3.9 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இவ்வழியில் ஒவ்வொரு பொருளும் தன் அண்மை நிலைகளை நேரத்தோடு சேமித்து வைக்கிறது. தொடுகை வந்ததும், அந்தத் தாமதம் அளவு பின்னோக்கிச் சென்று, அப்போது பொருள் எங்கே இருந்ததோ அங்கே ஒப்பிடுகிறோம். இருபது பொருள்களுக்குப் பன்னிரண்டு நிலைகள் வீதம் வைத்தாலும் நினைவகச் செலவு பொருட்படுத்தத் தக்கதில்லை.

செலவு உழைப்பில் இருக்கிறது. தாமதம் கருவிக்குக் கருவி மாறும். அதை அறிய நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் கேமராவால் விரலையும் திரையையும் பதிவுசெய்து, ஏறத்தாழ 4.2 மில்லிநொடிக்கு ஒன்றாக ஃபிரேம்களை எண்ண வேண்டும். பொருளின் வேகத்தைக் கணித்து அதற்குச் சற்று முன்னால் குறிவைக்கும் திறமையான ஆட்டக்காரருக்கு இத்திருத்தம் தீங்காக முடியும். அவர் சரியாகக் கணித்த இடத்தைப் பொருள் அடைவதற்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டுத் தவறு என்று சொல்லிவிடும். ஆகவே பழைய நிலை, இப்போதைய நிலை இரண்டில் எதற்கு அருகில் இருந்தாலும் ஏற்பது நல்லது. குமிழ் ஒன்று வெடித்து மறைந்த பிறகு, அது இருந்த பழைய இடத்தில் வரும் தொடுகையை என்ன செய்வது என்பது போன்ற கேள்விகளும் எழும்.

திரையை அரை நொடியில் கடக்கும் பொருள்களுக்கும், தாளத்தோடு இயைந்து தட்டும் விளையாட்டுகளுக்கும் இது தேவைப்படும். அதைவிட மெதுவான விளையாட்டில் இவ்வுழைப்புக்கு ஈடாக எதுவும் கிடைக்காது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எஞ்சின் நிகழ்வு (டவுன்) | புள்ளித் தேடல் | அருகிலுள்ளது | பின்னோக்கிய ஒப்பீடு |
|---|---|---|---|---|
| முடிவெடுக்கும் கணம் | விரல் பட்டதும் | விரல் பட்டதும் | விரல் பட்டதும் | கண் பார்த்தபோது |
| விரல் பருமனுக்கு இடம் | கொலைடர் அளவே | கொலைடர் அளவே | மில்லிமீட்டரில் நாம் வைப்பது | எல்லையோடு சேர்த்தால் மிகுதி |
| நெருங்கிய பொருள்கள் | மேலே இருப்பது | மேலே இருப்பது | மிக அருகிலுள்ளது | மிக அருகிலுள்ளது |
| பல விரல் | பாயிண்டர்-டவுனில் உண்டு | உண்டு | உண்டு | உண்டு |
| ஃபிரேம் வேகச் சார்பு | குறைவு | ஃபிக்ஸ்ட்-அப்டேட்டில் படித்தால் மிகுதி | குறைவு | தாமத அளவீட்டைப் பொறுத்தது |
| உழைப்பு | ஒரு மணி நேரம் | ஒரு மாலை | ஒரு மாலை | பல நாள் |

## இருவருக்கும் என் விடை

எழுத்து விளையாட்டைச் செய்யும் தந்தைக்கு மூன்றாவது வழியைத் தயக்கமின்றிச் சொல்வேன். எல்லையை 7 மில்லிமீட்டரில் தொடங்குங்கள். ஐயத்துக்குரிய தொடுகையில் மறுவாய்ப்பு கொடுக்கும் விதியைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். உருவத்தில் நெருங்கிய எழுத்துகள் ஒரே நேரத்தில் 15 மில்லிமீட்டருக்குள் வராதபடி குமிழ்களின் பாதையை அமைத்தால், தொடுகை நிரல் தீர்க்க வேண்டிய சிக்கலில் பாதி எழாமலே போகும். உங்கள் கடிதத்தில் கிளிக் நிகழ்வைப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தீர்கள். வேறு எதையும் தொடுமுன் இன்றிரவே அதை டவுனாக மாற்றி, மகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

மாணவருக்கு என் பரிந்துரை, இரண்டாவது வழியின் தொடுகை வாசிப்பையும் மூன்றாவது வழியின் தேர்வு முறையையும் இணைப்பது. ஒவ்வொரு விரலையும் அதன் அடையாள எண்ணோடு அப்டேட்டில் படித்து, அது திரையின் எந்தப் பாதியில் தொடங்கியது என்பதைக் கொண்டு ஆட்டக்காரரைப் பிரித்து, எல்லையை 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குச் சுருக்குங்கள். போட்டி என்பதால் தாராளம் குறைவாக இருப்பதே இருவருக்கும் நியாயம். ஒரே பூச்சியை ஒரே ஃபிரேமில் இருவரும் தொட்டால், தொடுகைப் பட்டியலில் முதலில் வந்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வரிசையை நம்பி வெற்றியாளரை அறிவிப்பது முறையாகாது. புதிய இன்புட் சிஸ்டத்தில் ஒவ்வொரு தொடுகைக்கும் அது தொடங்கிய நேரம் கிடைக்கிறது. அதை ஒப்பிடுங்கள், அதுவும் சமமாக இருந்தால் புள்ளியை இருவருக்கும் கொடுங்கள். நான்காவது வழிக்கு இப்போது போக வேண்டாம். சிவப்புப் புள்ளிகள் எல்லாப் பூச்சிகளுக்கும் பின்னாலேயே விழுகின்றன என்று சோதனை காட்டினால், அந்தப் பதிவுகளோடு மீண்டும் எழுதுங்கள். தாமதத்தை அளக்கும் முறையைப் படிப்படியாக விளக்குகிறேன்.